தேய்ந்த துவாலையும் அரிசி ரொட்டியும்

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

தலை நரைத்தவளை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாரே உன் அண்ணன் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்கிற செய்தி இல்லை இது. அதோடு, போனில் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றுவேன். கடிதத்தில் இரண்டுக்கும் வழியில்லை.

பயப்படாதே. என் வயிற்றுக்கு என்ன என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். சீலியாக் நோயாம். குழாய் விட்டுப் பார்த்து, ரத்தமும் சோதித்து, சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஜீரண மண்டலத்தைப் படம் போட்டு விளக்கியவன் நான். என் வயிற்றுக்குள் இருப்பதை எனக்கு இன்னொருவர் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். புதுத் துவாலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய் அல்லவா? நூல் நூலாக எழும்பி நிற்கும், தண்ணீரை ஒரே உறிஞ்சாக உறிஞ்சும். அதே துவாலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால்? தண்ணீரை உடம்பில் இங்கிருந்து அங்கே தள்ளுமே தவிர உறிஞ்சாது. நம் சிறுகுடலின் உள்பக்கம் புதுத் துவாலை மாதிரி இருக்க வேண்டும். எனக்குத் தேய்ந்துவிட்டது. அதனால்தான் அத்தனை சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஊறவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதும், எலும்பெல்லாம் வலித்ததும் அதனால்தான்.

மருந்து எதுவும் இல்லை. தேய்த்த பொருளை விட்டுவிட்டால் துவாலை தானாகவே துளிர்க்குமாம். என் வயதில் ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

தேய்த்த பொருள் கோதுமை. இனி ஆயுசுக்கும் ஒரு துணுக்குகூடக் கூடாது.

அதனால், வாராவாரம் வரும் ரொட்டிப் பார்சலை நிறுத்திவிடு, அம்மா. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே குளியலறைக்குப் போய் அங்கே தொங்கிய துவாலையைத் தடவிப் பார்த்தேன். நீ உதாரணம் சொன்னால் இதுதான் தொல்லை, விஷயம் மறந்தாலும் உதாரணம் மறக்காது. இப்போது முகம் துடைக்கும்போதெல்லாம் உன் வயிறு ஞாபகம் வருகிறது.

பதில் எழுதத் தாமதம் ஏன் என்று கேட்காதே. எழுதினேன், கிழித்தேன்.

போன மழைக்காலத்தில் நீ என் வீட்டில் படுத்துக் கிடந்தாயே, என்ன கொடுத்தேன் உனக்கு? பாலில் ஊறிய ரொட்டி. ரஸ்க். கோதுமைக் கஞ்சி. நீ போதும் என்றாய், நான் இன்னும் ஒரு வாய் என்றேன். நீ இளைக்க இளைக்க நான் ஊட்டினேன். என் மனசு நோகக் கூடாது என்று நீயும் விழுங்கினாய். அந்த ஒரு மாதமும் நான் உன் துவாலையைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இவர் சொல்கிறார், "தெரியாம செஞ்சதுக்கு யாரும்மா பொறுப்பு? டாக்டருங்களே வருஷக்கணக்கா கண்டுபிடிக்கல." சரிதான். புத்திக்குப் புரிகிறது. கைக்குப் புரியவில்லை.

அண்ணா, எனக்குப் படிப்பு வரவில்லை. உன்னைப் போல நாலு பேர் நடுவில் பேசவும் வரவில்லை. யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பேன், அவ்வளவுதான் என் பேச்சு. அண்ணி போன பிறகு அந்தப் பார்சல் வழியாகத்தான் வாராவாரம் உன் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். அதையும் நிறுத்து என்கிறாய். நிறுத்திவிட்டேன். இனி எந்த வழியாக வருவது?

வாலு

பிப்ரவரி 14

அன்புள்ள வாலு,

நீ தேய்க்கவில்லை. இது பிறவியிலேயே உடம்புக்குள் ஒளிந்திருந்து, எப்போதோ விழித்துக்கொள்கிற நோய். ஊட்டியவளைக் குற்றம் சொன்னால், விதை விதைத்தவனையும் மழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாதம் நான் பிழைத்ததே நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தான். மேலே கேள்வி கேட்காதே. வாத்தியார் சொன்னால் எழுதிக்கொள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். சமையலறையைக் காலி செய்துவிட்டேன். பழைய மரப்பலகை, மரக்கரண்டி, ரொட்டி வாட்டும் மெஷின், சல்லடை எல்லாம் கீழ் வீட்டுத் தையற்காரம்மாவுக்குப் போய்விட்டன. அவற்றின் இடுக்கில் கோதுமை ஒட்டியிருக்குமாம். அந்தம்மா பதிலுக்கு ஒரு முக்காலி கொடுத்தார். மாடிப்படித் திருப்பத்தில் போட்டு வைத்திருக்கிறார், நான் பாதியில் உட்கார்ந்து போக. முதல் நாள் கௌரவம் தடுத்தது. இரண்டாம் நாள் முழங்கால் கௌரவத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

நான் சமைக்கிறேன். சிரிக்காதே. அரிசிக் கஞ்சி வைக்கத் தெரியும். பருப்பு வேகவைக்கத் தெரியும், சில நாள் அது வேகவும் செய்கிறது.

வெளியில்தான் சிரமம். பூங்காவில் என்னோடு நடக்கும் கணக்கு வாத்தியார், பேத்தி பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். "ஒரு கடி கடிச்சா என்ன ஆயிடப் போகுது? உங்களுக்கு எல்லாமே பயம் சார்," என்றார். தசமப் புள்ளி ஒன்று தப்பினால் மொத்த விடையும் தப்பு என்று பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவர் அவர். ஒரு துணுக்கு எனக்கு அந்தப் புள்ளி மாதிரி என்றேன். கேக் பெட்டியை மூடிவிட்டார்.

தேறுவதுதான் மெதுவாக நடக்கிறது. ஒரு நாள் தெம்பாக எழுந்து ஜன்னலெல்லாம் துடைப்பேன். மறுநாள் சட்டைப் பொத்தான் போடவே சலிப்பாக இருக்கும். அவரை விதை பாடம் எடுக்கும்போது ஆளுக்கு ஒரு விதை கொடுத்து நடச் சொல்வேன். சில பிள்ளைகளுக்கு மட்டும் முளைக்கவே முளைக்காது. முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்திருப்பார்கள். நானும் இப்போது அந்தப் பிள்ளைதான். தினமும் கண்ணாடி முன்னால் நின்று என்னைத் தோண்டிப் பார்க்கிறேன்.

எந்த வழியாக வருவது என்று கேட்டாயே. இந்தக் கடிதம் வழியாக வந்துகொண்டுதானே இருக்கிறாய்?

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

கடிதத்தைச் சாப்பிட முடியாது. அதனால் வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

அரிசி ரொட்டி!

கடை விடுமுறை நாளில் பேக்கரியை மேலிருந்து கீழ்வரை கழுவினோம். மின்விசிறி இறக்கையைக்கூட விடவில்லை. கடையில் விற்கும் மாவை நம்பாமல் அரிசி வாங்கி ஊறவைத்து, வீட்டிலேயே புது மிக்ஸியில் அரைத்தேன். டின் புதிது. கரண்டி புதிது. நான் கட்டிய சேலையும் புதிது. இவர் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா, இல்ல குளிச்சிட்டு வரணுமா?" என்று கேட்டார். குளித்துவிட்டு வரச் சொன்னேன்.

முதல் ரொட்டி செங்கல். இவர் அதைக் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார், கதவு நன்றாக நிற்கிறது. இரண்டாவது, வெளியே மொறுமொறு, உள்ளே களி. கோதுமை மாவுக்கு இழுவை உண்டு, பிடித்தால் வரும். அரிசி மாவு அப்படி இல்லை, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி கையைத் தட்டிவிடுகிறது. முட்டை சேர்த்து, உருளைக்கிழங்கு மசித்துப் போட்டு, தோசை மாவுப் பதத்தில் கரைத்து டின்னில் ஊற்றிப் பார்த்தேன். எழும்பிவிட்டது. நான் ஓவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்சல் இதோடு வருகிறது. இனி வாராவாரம் வரும். சாப்பிட்டுவிட்டு எழுது. பொய் சொல்லாதே.

வாலு

மார்ச் 28

அன்புள்ள வாலு,

பார்சலைப் பிரித்ததும் வீடெல்லாம் உன் பேக்கரி வாசனை. இரண்டு துண்டு வெட்டினேன், கீழ்வீட்டு அம்மாவுக்குக்கூடக் கொடுக்காமல் மூன்றாவதையும் சாப்பிட்டேன். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. இத்தனை மாதமாகக் கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தவனுக்குப் பல்லால் கடித்துச் சாப்பிடுவது எத்தனை பெரிய விஷயம் தெரியுமா?

உண்மையைச் சொல் என்றாய். இது உண்மை: உன் அண்ணி இருந்தால் இதைக் காட்டியிருப்பேன்.

அண்ணன்

ஏப்ரல் 18

அண்ணா,

உன் கடிதத்தை இவர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். பெரிய விருது வாங்கியதுபோல நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். இந்த வாரம் திராட்சை போட்டது அனுப்பியிருக்கிறேன். துவாலை எப்படி இருக்கிறது?

வாலு

மே 5

அன்புள்ள வாலு,

நலம். ரொட்டி வந்தது. திராட்சை நன்றாக இருந்தது. இங்கே வெயில் அதிகம், அதனால் நடக்கப் போவதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மே 16

அண்ணா,

இதென்ன கடிதம்? தந்தியா?

ஓர் உதாரணம்கூட இல்லை. "நலம்" என்று எழுதிய எழுத்து வலது பக்கம் சரிந்து கீழே போகிறது. கரும்பலகையில் அடிக்கோல் வைத்ததுபோல எழுதுகிறவன் நீ. வெயில் என்கிறாய், உன் ஊரில் மழை என்று செய்தியில் சொன்னார்கள்.

என்ன ஆயிற்று என்று எழுது. முழுதாக எழுது.

வாலு

ஜூன் 2

அன்புள்ள வாலு,

மறைக்கத் தெரியாதவன் மறைத்தால் இப்படித்தான் பிடிபடுவான். எழுதிவிடுகிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் நன்றாக இறங்கியிருந்த, இந்த நோயைக் காட்டும் அளவு மறுபடி ஏறிவிட்டது. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்றார் டாக்டரம்மா. என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கஞ்சியைச் சொன்னேன், பருப்பைச் சொன்னேன், காய்கறியைச் சொன்னேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போலத் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது பார்சலிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட்ட மறுநாள் வயிறு உப்பியது, கால் ஓய்ந்தது. தற்செயலாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு படித்துப் பார்த்தபோது, கோதுமை மாவு புழங்கும் இடத்தில் அதன் தூள் காற்றிலேயே மிதந்து பிறகு படியும் என்று தெரிந்தது. அப்போதும் சாப்பிட்டேன். நீ ஓவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாயே, அந்த வரி ஒவ்வொரு துண்டிலும் இருந்தது. எப்படிச் சொல்வேன்?

உடம்பு தேறுவது எனக்கு வேண்டும். உன் முகம் வாடாமல் இருப்பதும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. முன்னதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

ஜூலை 1

அன்புள்ள வாலு,

பதில் இல்லை. போன் செய்தேன், மாப்பிள்ளைதான் எடுத்தார். "இருக்கா மச்சான், பேசமாட்டேங்கிறா," என்றார். பேசாவிட்டால் பரவாயில்லை. இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது. முக்காலி இப்போது திருப்பத்தில் மட்டுமல்ல, கீழ்ப் படியிலும் ஒன்று வந்துவிட்டது. உட்காரும் இடத்திலெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்

ஜூலை 13

அண்ணா,

திட்டித்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். மின்விசிறி இறக்கையைத் துடைத்தவள் நான். என் ரொட்டியில் கோதுமையா? உனக்கு வேறு எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, பழியை என்மேல் போடுகிறாய் என்று நினைத்தேன். நிரூபிக்கிறேன் பார் என்று விடுமுறை நாளில் இவரை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நான் செய்வதையெல்லாம் பாருங்கள், ஏதாவது தப்பு தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன்.

அரிசி அரைத்தேன். கரைத்தேன். புது டின்னை எடுத்து எண்ணெய் தடவினேன். இவர் திடீரென்று எழுந்தார்.

"அப்படியே நில்லு. கைய அசைக்காத."

நின்றேன்.

"இப்ப உன் கையப் பாரு."

பார்த்தேன். என் வலது கை மேசைக்கு அடியில் போய்த் திரும்பியிருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாக மாவு. எண்ணெய் தடவிய டின்னில் ரொட்டி ஒட்டாமலிருக்க ஒரு சிட்டிகை மாவு தூவித் தட்டுவோம், அண்ணா. அந்த மாவுக்கென்று மேசைக்கு அடியில் வலது பக்கம் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். கோதுமை மாவு. கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த வாரத்திலிருந்து என் கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. கண் சிமிட்டுவதுபோல. இவர் சொல்லாவிட்டால் அன்றைக்கும் தூவியிருப்பேன். தூவவில்லை என்று சத்தியமும் செய்திருப்பேன்.

அரிசியை யோசித்தேன், டின்னை யோசித்தேன், சேலையை யோசித்தேன். என் கையை யோசிக்கவில்லை.

டப்பாவை எடுத்துவிடலாம் என்கிறார் இவர். எடுத்தாலும் இந்தக் கை வேறு என்ன செய்யுமோ, எனக்குத் தெரியாது. நான் பார்க்காதபோது அது என்ன செய்கிறது என்று யார் எனக்குச் சொல்வது? இனி உனக்கு எதையும் செய்து அனுப்பமாட்டேன். இது கோபமில்லை, பயம். நீயும் என்னைக் கேட்காதே.

தெரிந்தும் சாப்பிட்டாயே, அதற்குத்தான் திட்டு. என் முகம் வாடக் கூடாது என்று உன் குடலைக் கொடுத்தாயா? போன மழைக்காலத்தில் செய்ததையே மறுபடி செய்திருக்கிறாய். விழுங்கிவிட்டுச் சிரிக்கிற வேலை. இனிமேல் அதைச் செய்தால் உன்னை அண்ணன் என்று கூப்பிடமாட்டேன்.

வாலு

ஆகஸ்ட் 4

அன்புள்ள வாலு,

திட்டு முழுவதும் நியாயம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

உன் கையைப் பற்றி ஒன்று சொல்லலாமா? பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் பாங்குக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை அறியாமல் மேசையைத் தட்டி, "அங்க என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டேன். பாங்கே அமைதியாகிவிட்டது. மேனேஜர்கூடப் பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கையை வெட்டிப் போடவா முடியும்? அது ஒரு வேலையை ஒழுங்காகக் கற்ற கை, இடம் மாறிவிட்டது என்பது அதற்குத் தெரியவில்லை.

நீ செய்து அனுப்ப வேண்டாம். நானும் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன்.

இத்தனை மாதத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது கஞ்சி இல்லை. ஒற்றைத் தட்டு. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, அதைக் கழுவி, அதையே திரும்ப வைப்பது. கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, நண்பர்கள் வீட்டில் தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை. அவர்களும் கூப்பிடத் தயங்க ஆரம்பித்துவிட்டார்கள். யார்மேலும் தப்பில்லை.

நீ இங்கே வா. வெறுங்கையோடு வா. அடுப்புப் பக்கம் போக வேண்டாம். நான் சமைக்கிறேன், நீ சாப்பிடு. இவ்வளவு வயதில் நான் உனக்கு ஒரு வாய் போட்டதில்லை என்று அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பருப்பு இப்போதெல்லாம் வேகிறது.

அண்ணன்

செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

அங்கே சொல்லாமல் விட்டதை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, உப்பு. பருப்பில் உப்பு அதிகம். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அப்போது சொல்லவில்லை. விழுங்கிவிட்டுச் சிரிக்கக் கூடாது என்று உனக்குச் சொன்னவள் நானே அதைச் செய்துவிட்டேன். அதனால் இப்போது சொல்கிறேன்.

வாசலிலேயே கை கழுவி, கொண்டுவந்த துணியை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது கீழ்வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "ஆபரேஷன் பண்ண வந்திருக்காங்களா?" என்று உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "இல்ல, சாப்பிட வந்திருக்கா," என்றாய். அண்ணா, என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் அடுப்படிக்குத்தான் போவேன். பந்தியில் கடைசி ஆளாக, கையில் கரண்டியோடு நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வேன். உன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். நீ இரண்டு தட்டு எடுத்து வைத்தாய். "இன்னும் ஒரு வாய்," என்றாய். போதும் என்றேன். போட்டாய்.

என் பெட்டியை நீதான் தூக்கிக்கொண்டு ஏறினாய். திருப்பத்தில் முக்காலிமேல் கை வைத்தாய். உட்காருவாய் என்று நினைத்து, நான் பார்ப்பதாக உனக்குத் தோன்றக் கூடாதென்று ஷூக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தேன். நான் செருப்புதான் போட்டிருந்தேன் என்பதை நீ கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது நீ மேலே போய்விட்டிருந்தாய்.

கடைக்கு வந்ததும் டின்னில் எண்ணெய் தடவினேன். கை தானாகப் போய் மாவை எடுத்துத் தூவியது. தூவட்டும் என்று விட்டுவிட்டேன். இங்கே அதற்கு அதுதான் வேலை. உன் வீட்டுக்கு நான் கொண்டு வருவது சாப்பிடும் கையை.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பயப்படாதே, தின்கிற பொருள் இல்லை. துணிக்கடையிலிருந்து நேராக அஞ்சலகத்துக்குப் போனது, பேக்கரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

வாலு

அக்டோபர் 11

அன்புள்ள வாலு,

பார்சல் வந்தது. உன் பார்சலைப் பிரித்து ரொட்டி வாசனை வராதது இதுவே முதல் தடவை. மூக்கு கொஞ்சம் ஏமாந்தது. உள்ளே கையை விட்டதும் தெரிந்துவிட்டது. எத்தனை அடர்த்தியான துவாலை! விரல் புதைகிறது. துடைக்க மனசு வரவில்லை. நாற்காலி முதுகில் போட்டு வைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் வந்து தடவிப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டார். என் குடலின் மாதிரிப்படம் என்றேன். கையை எடுத்துவிட்டார்.

ரத்தத்தில் அந்த அளவு இறங்கியிருக்கிறது. முழுதாக இல்லை. பாதி வழி வந்திருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், எடையும் மெதுவாகத்தான் ஏறும் என்றார் டாக்டரம்மா. சலிப்பாக இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், இல்லை. தோண்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கீழ்ப் படியிலிருந்த முக்காலியைத் தையற்காரம்மா திரும்ப எடுத்துக்கொண்டார். திருப்பத்தில் இருப்பது இன்னும் இருக்கிறது. சில நாள் உட்காருகிறேன்.

நீ போன பிறகு அந்த இரண்டாவது தட்டை உள்ளே வைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்து, என் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

உப்பைக் குறைத்துவிட்டேன். புதிதாக ஒன்று செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன், என்னவென்று சொல்லமாட்டேன். வருவதற்கு முதல் நாளே சொல்லிவிடு. அரிசி ஊறப் போட வேண்டும்.

அண்ணன்